பங்சல் தரகர்களைத் தாண்டிப் பொதுப் படகு ஏறுவது எப்படி?

இந்தோனேசியாவின் கிலி மேனோ தீவுக்குப் பொதுப் படகில்தான் போக வேண்டும், ஆனால் லோம்போக் தீவின் பங்சல் துறைமுகத் தரகர்களை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், சமாளிக்கக்கூடியதுதான்.

வண்டியை விட்டு இறங்கியதுமே ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். "படகு போயாச்சு", "டிக்கெட் இங்கேதான்", "தீவில் கொசுவர்த்தி கிடைக்காது, இப்பவே வாங்கிக்குங்க" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பையை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். நாலு அடி தூக்கி வந்தாலும் கூலி கேட்பார்கள். நேராகக் கடற்கரை வரை போனால் பொதுப் படகு டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. அங்கே மட்டும் பணம் கொடுங்கள், சில்லறை ரூபியாவாக வைத்திருப்பது நல்லது.

அப்புறம் காத்திருப்பு. பொதுப் படகு கடிகாரம் பார்த்துப் புறப்படாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். தனிப் படகு எடுக்கச் சொல்லி நச்சரிப்பது இந்த நேரத்தில்தான். மூன்று கிலித் தீவுகளில் மேனோவுக்குத்தான் கூட்டம் குறைவு, அதனால் படகு நிரம்பவும் நேரம் பிடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், காய்கறி மூட்டையும் முட்டைத் தட்டுமாக உள்ளூர்க்காரர்கள் ஏறும் நேரம் அது, படகு சீக்கிரம் நிரம்பும். மாலையில் போய் மாட்டிக்கொண்டால், அதே தீவுக்குக் காத்திருப்பவர்களோடு சேர்ந்து தனிப் படகுக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

முழங்கால் வரை தண்ணீரில் இறங்கித்தான் படகு ஏற வேண்டியிருக்கும். சக்கரப் பெட்டியை விட முதுகுப் பையே வசதி.