நல்லதங்காளை இப்போது படிக்க முடியவில்லையே!

கேள்வி: சின்ன வயதில் எங்கள் ஆயா 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை'யை ராகம் போட்டுப் படிப்பார். எனக்கு அது உயிர். இந்த முறை நந்தனம் புத்தகக் காட்சியில் பார்த்ததும் ஆசையாக வாங்கினேன். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இதையா விரும்பிக் கேட்டேன்? ஒன்பது வயது மகள் அந்தப் புத்தகத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-11

பதில்: அன்புச் சகோதரி, அன்று ரசித்ததில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளைகள் கண்ணுக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிபவள் மூளி அலங்காரி. பஞ்சம் பிழைக்கப் பிள்ளைகளோடு பசியோடு வந்த நாத்தனார் நல்லதங்காளுக்கு ஓட்டைப் பானையையும் ஈர விறகையும் எடுத்துக் கொடுக்கிற அண்ணி. அவளைத் திட்டித் தீர்த்தாலே பாதி பயம் போய்விடும். பக்கத்தில் ஆயாவும் இருந்தார். இன்று நீங்களே ஒரு தாய். மூத்த பையன் உயிருக்குக் கெஞ்சுகிற இடத்தை எந்தத் தாயால் சும்மா கடந்துபோக முடியும்?

தூக்கம் கெட்டது கதையால் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளைப் போட்டுவிட்டுத் தானும் கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் முடிவு நமக்கும் சரிதான் என்ற எண்ணம் லேசாக எட்டிப் பார்த்தாலும், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மனசு கொஞ்சம் ஆறியதும் மறுபடி படியுங்கள். இந்தத் தடவை, அங்கே இல்லாதவர்களைக் கவனியுங்கள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். புருஷன் கூட வரவில்லை. ஊரில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். இத்தனையும் இருக்க, பழி முழுவதையும் கதை அண்ணி தலையில் போட்டுவிடுகிறது. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதைக் கண்ட சனங்களுக்கு, பிள்ளைகளோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண் வெறும் கதையாகப் பட்டிருக்கமாட்டாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தனியாகப் படிக்க விடாதீர்கள். நீங்களே வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், கிணற்றுக்கு முன்னாலேயேகூட. அப்புறம் அவளே கேட்பாள்: மாமா ஏன் வீட்டில் இல்லை, அப்பா ஏன் வரவில்லை, வேறு யாரும் சோறு போடவில்லையா என்று. படுக்கப்போகிற நேரத்தில் வேண்டாம். நிதானமாகப் பதில் சொல்ல நேரம் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள்.