நியூயார்க் மாநகரம் மாநிலத் தலைநகர் ஆல்பனியிடம் எதைக் கேட்கிறது?

"இவ்வளவு பெரிய நகரம் மாநில சட்டமன்றத்திடம் எதற்காக மன்றாட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிதி கேட்பது தெரிந்ததுதான். அதைவிட முக்கியம், என் பார்வையில், அனுமதி. தன் தெருக்களில் வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைக்கக்கூட 2024 வரை நகரம் ஆல்பனியின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

2013-இல் புரூக்ளினில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வேன் மோதி இறந்தான். மணிக்கு 20 மைல் வரம்பு வைக்க நகரத்துக்கு அதிகாரம் கேட்டு அவன் தாய் உண்ணாவிரதம்கூட இருந்தார். சட்டம் 2024-இல்தான் நிறைவேறியது, அவன் பெயரிலேயே. பெற்ற வயிறு எவ்வளவு காலம் காத்திருந்தது பாருங்கள்.

அப்புறம் பள்ளிப் பகுதி வேகக் கேமராக்கள். 2022 ஆகஸ்ட் வரை இரவு 10 மணிக்கு மேலும், வார இறுதியிலும் அவை இயங்க மாநிலச் சட்டம் இடம் தரவில்லை.