"கரண்ட் பத்தாது, வொரண்டி இல்லை": ட்ரெட்மில் வாங்கியவருக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: ஐயா, நாங்கள் ஹட்டனுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குச் சீனி வியாதி. மழையிலும் பனியிலும் வெளியே நடக்க முடியாததால் கண்டியில் ஒரு கடையில் 185,000 ரூபாவுக்கு ட்ரெட்மில் வாங்கினோம். பேஸ்புக் விளம்பரத்தில் "3 எச்.பி. மோட்டார், 120 கிலோ தாங்கும், ஒரு வருட வொரண்டி" என்று போட்டிருந்தார்கள். பெப்ரவரி 9 ஆம் திகதி வீட்டில் இறக்கினார்கள். மார்ச் கடைசியிலிருந்து பத்து நிமிடம் நடந்தாலே பெல்ட் இழுபட்டு நின்றுவிடுகிறது, திரையில் பிழை எண் வருகிறது. கணவர் 94 கிலோ. கடையிலிருந்து பார்க்க வந்த தம்பி, "உங்க லைன்ல கரண்ட் பத்தாது, வொரண்டி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்டிக்குக் கொண்டுவந்தால் பார்க்கலாம், லொறிக் கூலி 14,000 ரூபா நாங்கள் கொடுக்க வேண்டுமாம். பில்லில் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று இருக்கிறது. இடையில் பெல்ட் கிறீச்சிட்டதால் தேங்காய் எண்ணெய் போட்டோம். வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, வழக்கைப் பிறகு பார்ப்போம். உங்களுக்கு இப்போது முக்கியம் நாள்கணக்கு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, வொரண்டிக்குப் பொருந்தாத பொருள் பற்றிய முறைப்பாட்டை, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பழுது தொடங்கிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. பில்லிலும் பெப்ரவரி 9 என்றே இருந்தால் உங்களுக்குக் கடைசி நாள் மே 8 என்று வைத்துக்கொள்ளுங்கள், பில் திகதி அதற்கு முந்தியதென்றால் கடைசி நாளும் முந்தும். "அடுத்த கிழமை ஆள் அனுப்புகிறோம்" என்று கடை சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த நாள் தானாகப் போய்விடும்.

முறைப்பாட்டை அதிகார சபையின் நுவரெலியா மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கலாம். வழி கேட்க 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள், ஆனால் அழைப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், எழுத்துத்தான் கணக்கு. தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் அதற்கு உரிமை தருகிறது, சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. விசாரணைக்குப் பின் பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

பில்லில் உள்ள அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். விற்பனையாளர் தரும் பொருள் விவரிப்புக்குப் பொருந்த வேண்டும், வாங்கிய நோக்கத்துக்கு உதவ வேண்டும் என்பவை 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் உள்ள நிபந்தனைகள். வீட்டுப் பாவனைக்கு வாங்கிய ஒருவருக்கு எதிராக அவற்றை ஒரு ரப்பர் முத்திரையால் விலக்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடம் தராது.

உண்மையான சண்டை வேறு இடத்தில் இருக்கிறது: பழுதுக்குக் காரணம் மெஷினா, உங்கள் கரண்டா, எண்ணெயா? இதற்குச் சான்று சேர்ப்பவர்தான் வெல்வார்.

வந்த தம்பி மீட்டர் வைத்து அளந்தாரா? அளக்கவில்லை என்றால் அவர் சொன்னது வெறும் அபிப்பிராயம். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை வோல்ட் அளந்தார் என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு, மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் போட்டிருக்கும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். கணவர் பெல்ட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே, செருகியிருக்கும் சொக்கெட்டில் ஒரு அளவு, மெயின் பலகையில் ஒரு அளவு. சும்மா நிற்கும் மெஷினில் அளந்தால் எந்த லைனும் நன்றாகவே காட்டும். விநியோகம் 230 வோல்ட், 6 சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது சுமார் 216 முதல் 244 வரை. மெயினில் 225, சொக்கெட்டில் 205 என்றால் குறை உங்கள் வயரிங்கில்: மெல்லிய வயர், அல்லது எக்ஸ்டென்ஷன் கோட். இதற்கு எக்ஸ்டென்ஷன் பாவித்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், கடையின் வாதத்துக்கு நீங்களே எரிபொருள் ஊற்றியதாகிவிடும். மெயினிலேயே 216 க்குக் குறைந்தால் மின்சார சபையின் 1987 க்கு முறையிட்டு, முறைப்பாட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு இடத்திலும் அளவு சரியென்றால் கடையின் சாட்டு அங்கேயே முடிந்தது.

அடுத்து, மெஷினின் இரும்புச் சட்டகத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மோட்டார் மூடியை மட்டும் கழற்ற வேண்டாம், வொரண்டி போய்விட்டது என்பார்கள். ஒரு எச்.பி. (குதிரைவலு) என்பது 746 வாட். 3 எச்.பி. என்றால் 2,238 வாட். ஸ்டிக்கரில் 1,100 வாட் என்றிருந்தால் அது ஒன்றரை எச்.பி. சில விநாடிகள் மட்டும் எட்டும் உச்ச வலுவை விளம்பரத்தில் போட்டு, தொடர்ந்து தரும் வலுவைச் சொல்லாமல் விடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம். "உச்சம்" என்ற சொல் விளம்பரத்தில் இல்லையென்றால், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தியது என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவின் கீழும் முறையிடலாம். விளம்பரத்தை அவர்கள் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். வட்ஸ்அப் உரையாடல்களும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி சான்றாகும், போனிலிருந்து அழிக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் விடயத்தில் உங்கள் பக்கம் பலவீனம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையத் தொடங்கும், ஹட்டன் குளிரில் பெல்ட்டுக்கும் அதன் அடிப்பலகைக்கும் நடுவில் கொழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் இறுகும், மோட்டார் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், கட்டுப்பாட்டுப் பலகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். உங்கள் பழுதின் அடையாளமும் அதுதான். இங்கே போட வேண்டியது சிலிக்கன் எண்ணெய். ஆகவே இரண்டைப் பாருங்கள்: எண்ணெய் போடும் முன்பே மெஷின் நின்றதா, பிறகா? எண்ணெய் பற்றி விளக்கும் கையேடு தந்தார்களா? முன்பே நின்றிருந்தால், அந்தத் திகதியுள்ள வட்ஸ்அப் செய்தி உங்களைக் காப்பாற்றும். பின்புதான் என்றால் முழுப் பணத்தையும் கேட்காமல், இலவசப் பழுதுபார்ப்பையும் லொறிக் கூலியையும் கேளுங்கள். ஏழு வாரம் ஓட்டிய பிறகு பொருளை நிராகரிப்பதை விட, இது எளிதாகக் கிடைக்கும். எண்ணெயை மறைக்க வேண்டாம், பெல்ட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும்.

இன்றே பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதம்: பில் எண், மொடல், தொடர் எண், விளம்பர வாசகம், எந்த வேகத்தில் எத்தனை நிமிடத்தில் எந்தப் பிழை எண், நீங்கள் கேட்பது, பதிலுக்கு 7 நாள். தபால் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த 7 நாள் முடிந்தும் சரிவராவிட்டால் மறுநாளே முறைப்பாடு.

வழக்கென்றால், இந்தத் தொகைக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும். செலவு குறைவு, ஆனால் கடைக்காரர் வராமல் இழுத்தடிப்பார்.

லொறியில் அனுப்பத்தான் நேர்ந்தால், நாலு பக்கமும் படம் எடுத்து, தொடர் எண் குறித்த ஒப்படைப்புச் சீட்டு ஒன்றைக் கையெழுத்தோடு வாங்குங்கள். கூலியை நீங்கள் கொடுத்தால் "உரிமையை விட்டுக்கொடுக்காமல் கொடுக்கப்பட்டது" என்று அந்தப் பற்றுச்சீட்டிலேயே எழுதச் செய்யுங்கள்.