கூரைக்கும் மச்சுக்கும் நடுவே மூன்று பேர்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச நாளாக ரோம் வரலாறு படித்து வருகிறேன். இப்போது பேரரசர் திபேரியஸின் காலத்தில் இருக்கிறேன். அவருடைய வளர்ப்பு மகன் ஜெர்மானிக்கஸுக்கு விஷம் வைத்தது அவர்தானா? ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் திபேரியஸை வேண்டுமென்றே கெட்டவராகக் காட்டினார் என்கிறார்களே, உண்மையா? எனக்கு என்னவோ திபேரியஸ் நல்ல நிர்வாகி, காவற்படைத் தலைவன் செஜானஸ் என்ற ஒருவன்தான் எல்லாவற்றையும் கெடுத்தான் என்று தோன்றுகிறது. அந்த ஒருவன் இல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு, இல்லையா? எங்கள் பக்கம் திபேரியஸ் காசுகள் அவ்வளவு கிடைத்தது ஏன் என்றும் எழுதுங்கள்.

ஆர்., பொள்ளாச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் திபேரியஸின் ரோமில்தான் இருந்தேன். குறிப்பாக ஒரே ஒரு நாளில், கி.பி. 28 ஜனவரி 1இல். இரண்டு வாரமாக அந்த நாளைவிட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

காசு விஷயம் எளிது. மிளகும் முத்தும் கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லும் வாங்க யவனர்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். பெண்களின் நகைக் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறதே என்று கி.பி. 22இல் திபேரியஸே செனட்டுக்கு எழுதிய கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். இப்போதைக்கு இது போதும்.

ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் இறந்தார், 33 வயதில். அவர் தங்கியிருந்த வீட்டின் தரையிலும் சுவரிலும் மனித எலும்புத் துண்டுகளும், அவர் பெயர் கீறிய சூனியத் தகடுகளும் (ஈயத்தில் செய்தவை) கிடைத்தன. சிரியாவின் ஆளுநர் பிசோ மீது, விஷம் வைத்தது உட்படப் பல குற்றங்களுக்காக, செனட்டில் வழக்கு நடந்தது. பிசோவால் முறியடிக்க முடிந்தது விஷக் குற்றச்சாட்டை மட்டும்தான். இதை எழுதிவைத்திருப்பதே டாசிடஸ்தான். திபேரியஸை மனதார வெறுத்த மனிதர், தன் வெறுப்புக்கு உதவாத செய்தியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று அவரை ஒரு வரியில் பொய்யராக்காதீர்கள். முதலில் அவரைப் படியுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது 'அந்த ஒருவன்' என்று நீங்கள் எழுதிய இடத்தில். வரலாறு படிக்க வருகிற எல்லோரும் கையில் ஒரு வில்லனைப் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். செஜானஸ் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த காவற்படைகளை ரோமில் ஒரே பாசறைக்குள் கொண்டுவந்தவன் அவன். கிழவர் திபேரியஸ் காப்ரித் தீவுக்குப் போன பிறகு அவருக்கும் நகரத்துக்கும் நடுவே கதவுபோல நின்றவன். எல்லாம் சரி. ஆனால் டைட்டியஸ் சபினஸின் பேச்சை ஒட்டுக்கேட்டது செஜானஸ் இல்லை.

சபினஸ் குதிரை வீரர் வகுப்பைச் சேர்ந்தவர் (செனட்டர்களுக்கு அடுத்த படி), ஜெர்மானிக்கஸின் நண்பர். நண்பர் இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போக எல்லோரும் பயந்தார்கள். செஜானஸுக்கு அந்தக் குடும்பம் ஆகாது. சபினஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தார். விதவை அக்ரிப்பினாவைப் பார்த்து நலம் விசாரிப்பார், தெருவில் கூட நடப்பார். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்.

அவரைப் பிடித்துக்கொடுக்க நான்கு பேர் சேர்ந்தார்கள். நால்வரும் செனட்டர்கள், பிரீட்டர் என்ற உயர் நீதிப் பதவி வகித்து முடித்தவர்கள். அடுத்து அதற்கும் மேலான கான்சல் பதவி வேண்டும், அதற்கான வழி செஜானஸின் கையில் இருந்தது. அந்த நால்வரில் லாட்டியாரிஸ் என்பவன் சபினஸோடு பழக ஆரம்பித்தான். மற்றவர்களைப் போல நண்பன் வீட்டைக் கைவிடாமல் இருக்கிறீர்களே என்று பாராட்டினான். சபினஸ் அழுதுவிட்டார். யோசித்துப் பாருங்கள், எத்தனை வருஷம் அடக்கிவைத்த அழுகை! அப்புறம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். ஒரு நாள் லாட்டியாரிஸ் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசவைத்தான். மற்ற மூன்று பேரும் கூரைக்கும் மச்சுக்கும் நடுவே படுத்துக்கொண்டு, ஓட்டைகளிலும் விரிசல்களிலும் காதை வைத்துக் கேட்டார்கள்.

செனட்டர்கள், ஆர். கூலிக்கு வந்த ஒற்றர்கள் இல்லை. பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவனுக்குப் பெயர் போர்சியஸ் கேட்டோ. குடியரசுக்காக உயிரை விட்ட கேட்டோவின் குலப்பெயர்! அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தூசியில் குப்புறப் படுத்துக் கிடந்தான். அவர்களை அங்கே ஏற யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ரோமில் அரசு வழக்கறிஞர் என்று யாரும் கிடையாது, எந்தக் குடிமகனும் இன்னொருவன் மீது ராஜத்துரோக வழக்குத் தொடுக்கலாம். வென்றால் குற்றவாளியின் சொத்தில் கால் பங்கு கிடைக்கும். இந்த ஏற்பாடு செஜானஸ் போன பிறகும் இருந்தது. நீங்கள் அந்த ஒருவனை எடுத்துவிட்டால் கூரைமேல் ஏறின மூன்று பேர் எங்கே போவார்கள்?

புத்தாண்டு அன்று திபேரியஸின் கடிதம் செனட்டில் படிக்கப்பட்டது. வாழ்த்தோடு சேர்த்து சபினஸ் மீது குற்றச்சாட்டும் அதில் இருந்தது. தலையில் துணி மூடி, கழுத்தில் சுருக்கு இறுக, அவரைத் தெரு வழியே இழுத்துப்போனார்கள். அவர் பார்வை பட்ட இடமெல்லாம் ஆள் ஓடியது, தெரு காலியானது. ஓடியவர்களில் சிலர், ஓடியதைப் பார்த்தே சந்தேகப்படுவார்களோ என்று பயந்து திரும்பி வந்து நின்றார்கள். சபினஸ் வீட்டு நாய் மட்டும் போகவில்லை என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. சிறை வாசலிலேயே கிடந்ததாம். யாரோ போட்ட உணவை எடுத்துப்போய்ப் பிணத்தின் வாயருகே வைத்ததாம். உடலை டைபர் ஆற்றில் எறிந்தபோது கூடவே நீந்தி, அதை மூழ்கவிடாமல் தாங்கப் பார்த்ததாம்.

உங்கள் செஜானஸின் முடிவையும் சொல்கிறேன். கி.பி. 31 அக்டோபர் 18, மறுபடியும் காப்ரியிலிருந்து ஒரு நீண்ட கடிதம். அவனுக்குப் புதிய அதிகாரம் வரப்போகிறது என்று நினைத்துப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள் செனட்டர்கள். படிக்கப் படிக்க வாசகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்தார்கள். அன்றைக்கே அவன் செத்தான். அடிமைத்தனத்துக்குத் தயாரான மனிதர்கள் என்று செனட்டைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் திபேரியஸ் கிரேக்கத்தில் சொல்வாராம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். மேலதிகாரியைப் பற்றி மனம்விட்டு அவர் டீக்கடையில் பேசியதை, கூடவே தலையாட்டிக்கொண்டு டீ குடித்தவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்தில் அண்ணனுக்கு மாற்றல், வடகோடி மாவட்டத்துக்கு. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வருஷமே பதவி உயர்வு. இதுவரை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. அண்ணன் தன் சாமான்களை எடுக்க வந்த மத்தியானம் நான் பழைய கோப்புகள் அறைக்குள் போய், அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறவரை வெளியே வரவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். பந்தி ஆரம்பித்துவிட்டது, எங்கே உட்காருவது என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உட்காருப்பா" என்றார்.