வாசகர் கேள்வி–பதில்: நெகேவ் மலையின் வேட்டைக்காரர்கள்

கேள்வி: இஸ்ரேலின் தெற்கில் உள்ள நெகேவ் பாலைவன மலைமேல் பழங்கால வேட்டைக்காரர்களின் கல்வீடுகள் கிடைத்ததாகப் படித்தேன். நாடோடிகளுக்கு வீடு எதற்கு? பிற்கால மேய்ப்பர்கள் கட்டியவையாக இருக்காதா?
– வாசகி, தேனி

இருக்காது. அந்த மலைமேல் அபு சாலெம் என்ற அகழாய்வு இடத்தில் கிடைத்த வட்ட வீடுகள் ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழமையானவை. அப்போது அங்கே ஆடு வளர்ப்பே தொடங்கவில்லை. கிடைத்த எலும்புகள் நவ்வி மான், காட்டாடு போன்றவற்றினுடையவை. தரையைக் குழித்து, சுற்றிலும் கல் அடுக்கி, சுமார் 3 மீட்டர் அகலத்தில் கட்டியிருக்கிறார்கள். அம்மி, குழிக்கல் போன்ற கனமான பொருள்களும் அங்கேயே இருந்தன. அவற்றை யாரும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். திரும்பி வருவோம் என்று தெரிந்துதான் விட்டுப் போயிருப்பார்கள். மலை உச்சியில் மழையும் குளிர்ச்சியும் சற்று அதிகம். அதனால் கோடையில் மேலே தங்கி, குளிர்காலத்தில் மேற்கே தாழ்ந்த மணல்மேடுகளுக்கு இறங்கினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. மணல்மேட்டு முகாம்களிலும் மலைமேல் கிடைத்த அதே வகைச் சிறு அம்புமுனைகள்தான் கிடைக்கின்றன.

கேள்வி: அந்தச் சின்ன அம்புமுனைகளை எப்படிச் செய்தார்கள்? உடைந்த துண்டுகளையும் ஆய்வாளர்கள் எதற்காகச் சேகரிக்கிறார்கள்?
– வாசகர், திண்டுக்கல்

முதலில் சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து ஒரு விரலைவிடக் குறுகலான கத்தியலகு ஒன்றைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அதை ஒரு கல்லின் விளிம்பில் சாய்த்து வைத்து, ஓரத்தில் சிறு சிறு தட்டாகத் தட்டி அரைவட்டப் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளம் ஆழமானதும் அலகு அந்த இடத்தில் சாய்வாக ஒடியும். கூர்முனை உள்ள துண்டின் ஓரங்களைச் செதுக்கினால் 'ஹரிஃப்' எனப்படும் இந்த வகை அம்புமுனை தயார். எதிர்த்துண்டு கழிவு. அதில் பாதிப் பள்ளமும் சாய்வான முறிவுத் தளமும் அப்படியே இருக்கும். 'மைக்ரோபியூரின்' என்பது இதுதான்.

அலகைச் சாய்க்காமல் தட்டையாக வைத்தால் அது குறுக்கே நேராக ஒடிந்து, கூர்முனை கிடைக்காமல் போகும். இப்படித் தவறிப்போன துண்டுகளும் அதே இடத்திலேயே விழுந்து கிடக்கும். அம்புமுனை வேட்டைக்காரனோடு எங்கேயும் போய்விடும், கழிவு போகாது. ஆகவே கருவி செய்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது கழிவுதான். இத்தனை சிறிய துண்டுகள் 5 மில்லிமீட்டர் சல்லடைக் கண் வழியே நழுவிவிடும். 2 மில்லிமீட்டர் கண்ணில் சலிக்காத அகழாய்வின் எண்ணிக்கையை என்னால் நம்ப முடியாது.

கேள்வி: தரையில் ஒன்றாகக் கிடக்கும் கருவிகள் எல்லாம் ஒரே காலத்தவையா?
– மாணவி, மதுரை

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்று மண்ணை மட்டும் வாரிக்கொண்டு போகும். கற்கள் கீழிறங்கி, பல காலத்துக் கருவிகள் ஒரே தளத்தில் படிந்துவிடும். வெயிலில் கிடந்த முகத்தில் பழுப்புப் படலம் ஏறியிருக்கும். பழைய படலத்தை வெட்டிக்கொண்டு புதுச் செதுக்கல் தெரிந்தால், பின்னால் வந்த யாரோ அதே கல்லை எடுத்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். கல்லைக் கையில் எடுப்பதற்கு முன் 1 மீட்டர் சதுரங்களாகக் கயிறு கட்டி, ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று குறித்துவிடுங்கள்.