நின்றே பழுதாகும் ஜெனரேட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரை மின்வெட்டு அதிகமாக இருக்கும் மாதங்களில் மட்டுமே எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் சோக் போட்டால் ஓடுகிறது. சோக்கை எடுத்தவுடன் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தால் சரியாகிறது, சில மாதங்களில் மீண்டும் அதே கதை. கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். புதியதும் இதே கதிக்குத்தான் ஆளாகும். நீங்கள் சொல்லும் அறிகுறி, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை பாதி அடைபட்டிருப்பதைக் காட்டுகிறது. சோக் காற்றைக் குறைப்பதால், வருகிற சிறிதளவு பெட்ரோலைக் கொண்டே என்ஜின் சமாளிக்கிறது. சோக்கைத் திறந்து காற்று முழுமையாக நுழைந்ததும் அந்தப் பெட்ரோல் போதாமல் நின்றுவிடுகிறது. இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது, கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலிலிருந்து எளிதில் ஆவியாகும் பகுதிகள் போய்விட, எஞ்சியது பிசினாக மாறி, ஊசி நுழையும் அளவே உள்ள துளைகளில் படிந்துகொள்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். என்ஜினுக்கு எரிபொருள் செல்வதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான்.

ஆகவே மாற வேண்டியது நிறுத்தும் முறை. நீண்ட நாள் ஓய்வுக்கு முன், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். என்ஜின் ஆறிய பிறகு, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால் மிச்சமிருக்கும் ஓரிரு கரண்டிப் பெட்ரோலும் வந்துவிடும். டேங்கை ஒன்று முழுவதும் காலி செய்யுங்கள், அல்லது புதிய பெட்ரோலில் அது கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்து ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பி வையுங்கள். பாதி டேங்க் என்பதுதான் இரண்டு விதத்திலும் கெட்டது. ஸ்டெபிலைசர் பழைய பெட்ரோலைப் புதிதாக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அடைப்பை எடுக்க இரும்புக் கம்பியை விட்டுக் குத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. துளை சிறிது அகன்றாலே பெட்ரோல் அதிகமாகப் போய்க் கரும்புகை வரும். அதற்கென விற்கும் கிளீனர் ஸ்பிரேயும் அழுத்தக் காற்றுமே போதும்.

மாதம் ஒரு முறை லோடு கொடுத்து, அதாவது மின்சாதனங்களை இணைத்து, 20 முதல் 30 நிமிடம் ஓட்டுவீர்களானால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை எழவே மாட்டா. லோடு இல்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டி "ஓடுகிறது" என்று திருப்திப்பட்டு அணைப்பதால் பயன் இல்லை; என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் ஆயிலில் சேர்ந்த ஈரம் வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: இந்த ஆண்டு ஜெனரேட்டர் மொத்தம் பத்து மணி நேரம்கூட ஓடவில்லை. ஆயிலை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். புதிய இயந்திரமென்றால் முதல் மாற்றம் ஏறத்தாழ 20 மணி நேர ஓட்டத்திலேயே வந்துவிடும். அதன் பிறகு எப்போது என்பதைக் கையேடு சொல்லும். ஆயில் அளவைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: என்ஜின் சீராக ஓடுகிறது, ஆனால் மின்சாரமே வரவில்லை. ஒரு வருடமாக எடுக்காமல் வைத்திருந்தோம்.

பதில்: முதலில் ஜெனரேட்டரிலுள்ள பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், பல நேரங்களில் அவ்வளவுதான். அது சரியாக இருந்தால், ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரில் எப்போதும் தங்கியிருக்க வேண்டிய சிறிதளவு காந்தத்தன்மை நீண்ட ஓய்வில் மறைந்திருக்கலாம். பெரும்பாலான வீட்டு ஜெனரேட்டர்கள் அந்த எஞ்சிய காந்தத்தைக் கொண்டுதான் மின் உற்பத்தியைத் தொடங்குகின்றன. பேட்டரி மூலம் அதைத் திரும்ப ஊட்டுவது மெக்கானிக்குக்குச் சில நிமிட வேலைதான், ஆனால் முனைகளை மாற்றிக் கொடுத்தால் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏ.வி.ஆர். பாழாகும் என்பதால் நீங்களே முயல வேண்டாம். வோல்டேஜ் குறைகிறது என்று என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகை முறுக்குவதும் தவறு. 50 ஹெர்ட்ஸ் தரும் இருதுருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்ற வேண்டியது. வேகத்தைக் கூட்டினால் ஃபிரீக்வென்சியும் சேர்ந்தே ஏறும்.

கேள்வி: பெரிய டீசல் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். இரவில் இரண்டு மின்விசிறிகளும் சில விளக்குகளும் மட்டுமே அதில் ஓடுகின்றன. சைலன்சரிலிருந்து கருப்பாக எண்ணெய் போல வடிகிறதே?

பதில்: இயந்திரம் உங்கள் தேவைக்கு மிகவும் பெரியது. டீசல் என்ஜின் தன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டர் போதிய சூடேறாமல், முழுதாக எரியாத டீசல் கரியோடு சேர்ந்து புகைக்குழாயில் படிகிறது. நீங்கள் பார்ப்பது அதைத்தான். இப்போதைக்கு, இரவில் அதை ஓட்டுவதைக் குறைத்து, தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் போன்றவற்றை ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மாற்றுங்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஓர் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வதே சரியான தீர்வு. செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரியையும் கவனியுங்கள். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

கேள்வி: இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் இணைத்து வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கிறார் எங்கள் உறவினர். மெயினை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்கிறார். சரியா?

பதில்: சரியல்ல. அந்த வயரை இன்றே வெட்டி எறியச் சொல்லுங்கள். ஒரு நாள், யாரோ ஒருவர், மெயினை அணைக்க மறப்பார். அப்போது ஜெனரேட்டரின் மின்சாரம் தெருக் கம்பிக்குள் பின்னோக்கிப் பாயும். தெருவில் வீட்டுக்கு ஏற்றபடி வோல்டேஜைக் குறைக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்த்திசையில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும். பிளக் கழன்று வந்தாலோ, அதன் பித்தளை முனைகளே உயிரோட்டமுள்ள கம்பிகள். தெருவையும் ஜெனரேட்டரையும் ஒருபோதும் ஒன்றாக இணைய விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: மழை பெய்யும்போது ஜெனரேட்டரை கார் நிறுத்தும் அறைக்குள் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த கதவு அதை வெளியேற்றிவிடும் என்று நம்ப முடியாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் சன்னல்களுக்கு எதிர்த்திசையில் இருக்குமாறு வையுங்கள். மேலே கூரையும் நாற்புறமும் திறப்பும் கொண்ட கொட்டகை மழைக்குப் போதும். படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் இருக்கட்டும். ஓடும்போது வீட்டில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ வந்தால், காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காமல் எல்லோரும் உடனே வெளியேறி, மருத்துவ உதவியை அழையுங்கள்.