பழைய மதர்போர்டு எந்த பிராசஸர் வரை ஏற்கும்?

டெஸ்க்டாப் கணினியில் பிராசஸரை மட்டும் மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்ட ஆறு கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: என் கணினியில் கோர் ஐ3 2100 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க் உள்ளன. எதைத் திறந்தாலும் தாமதம். ஐ7 போட முடியுமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: போட முடியும். ஆனால் உங்கள் தாமதத்துக்குக் காரணம் பிராசஸர்தானா என்பதை முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் அந்த நேரத்திலேயே சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்ற மூன்று சதவீதங்களையும் கவனியுங்கள். டிஸ்க் 100லேயே நின்று, சிபியு 20, 30 என்று இருந்தால் பிராசஸர் சும்மா காத்திருக்கிறது என்று பொருள். 4 ஜிபி ரேம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அங்கே ஐ7 வந்தும் காத்துத்தான் கிடக்கும். அப்படியானால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் போதும். எச்61 சிப்செட்டில் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் மதர்போர்டு சிப்) சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், அதனால் எஸ்எஸ்டி வீண் என்று சிலர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். ஹார்டு டிஸ்க் தடுமாறுவது சின்னச் சின்னக் கோப்புகளை அங்குமிங்கும் தேடி எடுப்பதில். அந்தத் தாமதம் எஸ்எஸ்டியில் இல்லை.

வீடியோ எடிட்டிங், பெரிய கோப்புகளைச் சுருக்குவது போன்ற வேலைகளில் சிபியு நிமிடக் கணக்கில் 100ஐ விட்டு இறங்காமல் இருக்கிறதா? அப்போது பிராசஸரை மாற்றுவதில் பயன் உண்டு. அதற்கு முன் ஹீட்சிங்க்கில் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தொகுதி) தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பூசிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து, சூடு 90 டிகிரியைத் தாண்டினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வயதான கணினிகளில் இது சர்வசாதாரணம்.

இனி முடிவு செய்யும் முறை. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பேஸ்போர்டு புராடக்ட் என்ற வரியில் மதர்போர்டின் மாடலும், பயாஸ் வெர்ஷன் என்ற வரியில் பயாஸின் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பதிப்பும் தேதியும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டைத் திறந்து மதர்போர்டின் ஓரத்தில் ரிவிஷன் எண் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலின் 1.0 ரிவிஷனும் 2.0 ரிவிஷனும் ஏற்கும் பிராசஸர்கள் வேறாக இருக்கலாம், பயாஸ் கோப்பும் வேறாக இருக்கும். இந்த விவரங்களோடு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திறந்தால், ஒவ்வொரு பிராசஸருக்கும் எத்தனை வாட், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஏற்கும் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். தீர்ப்பு சொல்வது அந்தப் பட்டியல்தான்.

உங்கள் சாக்கெட், அதாவது பிராசஸர் உட்காரும் இடம், எல்ஜிஏ 1155. இது இன்டெலின் 2ஆம், 3ஆம் தலைமுறைகளுக்கு உரியது. எட்டக்கூடிய உச்சம் ஐ7 3770: 4 கோர் (வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 77 வாட். உங்கள் ஐ3 2100க்கு 2 கோர், 4 த்ரெட், 65 வாட். வேகமும் 3.1 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கும், டர்போ (தேவைப்படும்போது தானே வேகம் கூட்டுவது) கிடையாது. 3770 டர்போவில் 3.9 வரை போகும். எங்களைக் கேட்டால், வீடியோ வேலை இல்லாதவர்களுக்கு 4 கோர், 4 த்ரெட் உள்ள ஐ5 3470 தாராளம். கே எழுத்து சேர்ந்த 3770கே வேண்டாம். எச்61இல் அதை ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, வழியில்லை.

3ஆம் தலைமுறை வெளிவந்தது 2012 ஏப்ரலில். உங்கள் பயாஸின் தேதி 2011 என்றிருந்தால் பெரும்பாலும் அப்டேட் தேவைப்படும். அதைப் பழைய ஐ3 சாக்கெட்டில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். புதியதைப் போட்ட பிறகு திரையே வராது, அப்டேட் எங்கே செய்வது? கோப்பை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் வைத்து, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். தளத்தில் ‘முதலில் இந்த இடைப்பட்ட பதிப்பை ஏற்றுக’ என்ற குறிப்பு இருந்தால் அதைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது.

கேள்வி: எச்110 போர்டில் ஐ3 6100 இருந்தது. சாக்கெட் எல்ஜிஏ 1151 என்பதால் அதே 1151 கொண்ட ஐ5 9400 வாங்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை.

பதில்: உட்காரும், ஓடாது. 1151 என்ற ஒரே எண்ணில் இரண்டு குடும்பங்கள் உண்டு. 6, 7ஆம் தலைமுறைகள் 100, 200 வரிசை சிப்செட்களுக்கு. 2017இல் 8ஆம் தலைமுறை வந்தபோது இன்டெல் சில பின்களின் வேலையை மாற்றி, 300 வரிசை சிப்செட்டைக் கட்டாயமாக்கியது. பின்களின் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. இந்தக் குழப்பம் புதிதல்ல. 2004இல் வந்த 775 சாக்கெட்டிலும், 915 சிப்செட் போர்டுகளில் கோர் 2 டுவோ உட்காரும், ஆனால் வேலை செய்யாது.

பிராசஸரைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். உங்கள் போர்டுக்குப் பொருந்துபவை ஐ7 6700, ஐ7 7700 இரண்டும். இரண்டுமே 4 கோர், 8 த்ரெட், 65 வாட். 7700க்குப் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம், 6700க்குத் தேவைப்படாது. வித்தியாசம் சொற்பம் என்பதால் எது எளிதில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இன்டெலின் சர்வர் வகைப் பிராசஸரான ஜியான் ஈ3 வி5 பக்கம் மட்டும் போகாதீர்கள். அதுவும் 1151தான். ஆனால் சி232, சி236 சிப்செட் போர்டுகளில் ஓடுவதற்கென்றே செய்தது.

கேள்வி: ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு. ரைசன் 5 5600க்கு மாறலாமா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

பதில்: மாறலாம், ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதியே அதுதான். 4 கோர், 4 த்ரெட்டிலிருந்து 6 கோர், 12 த்ரெட்டுக்குப் போகிறீர்கள், வாட் அதே 65. ஏ320, பி350 போர்டுகளுக்கும் 2022இல் 5000 வரிசைக்கான பயாஸ் வந்தது. ஆனால் 5600இல் கிராபிக்ஸ் இல்லை. போட்ட அன்றே திரை இருண்டுவிடும். தனி கார்டு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் 5600ஜி எடுங்கள். இன்டெலில் இதே பொறி எஃப் எழுத்தில் இருக்கிறது. 9400எஃப், 10400எஃப் போன்றவற்றில் கிராபிக்ஸ் கிடையாது.

முதலில் பயாஸ் அப்டேட். சில போர்டுகளில் பயாஸ் சிப்பின் அளவு 16 எம்பிதான் என்பதால், புதியவற்றுக்கு இடம் கொடுக்கப் பழைய சில பிராசஸர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். புதிய பதிப்பு உங்கள் 2200ஜியையும் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்து, ஹீட்சிங்க்கைக் கழற்றும் இடம். ஏஎம்4இல் 1331 பின்களும் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பிசின்போல் பிடித்திருக்கும்போது ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தும் பிராசஸர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வரும் வழியில் பின்களும் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையில் ஓடவிட்டு, அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பேஸ்ட் இளகியிருக்கும்போதே ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கும் உணர்வு கைக்குத் தெரிந்த பிறகே தூக்குங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போது, புதிய சிபியு போட்டிருப்பதாகவும் எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்ய ஒய், பழையதை வைத்திருக்க என் என்றும் ஆங்கிலத்தில் கேட்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால், ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க்கைத் திறக்க முடியாமல் போகும். பிராசஸரை மாற்றும் முன்பே விண்டோஸில் பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் பயன்படுத்திய சிறிய பிராண்டட் கணினியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். அதன் பிராசஸரை மாற்ற முடியுமா?

பதில்: சாக்கெட் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பிராசஸர் பெயர் யு எழுத்தில் முடிந்தால் அது போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, மாற்ற முடியாது. டி எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் சாக்கெட்தான். ஆனால் அது 35 வாட் பிராசஸர், அந்தக் குட்டிப் பெட்டியின் ஹீட்சிங்க்கும் பவர் அடாப்டரும் அந்த அளவுக்கே செய்தவை. அதில் இன்னொரு டி ரகத்தைத்தான் போட வேண்டும்.

பிராண்டட் போர்டுகளின் பயாஸ், அந்த மாடல் எந்தெந்தப் பிராசஸர்களோடு விற்கப்பட்டதோ அவற்றை மட்டுமே அறிந்திருக்கும். உங்கள் மாடலின் கையேட்டில் உச்சமாக எதைக் குறிப்பிட்டிருக்கிறார்களோ அதுவே எல்லை. 1155 காலத்து அலுவலகக் கணினிகளில் அதிகம் இருந்த பி65, க்யூ65, க்யூ67 சிப்செட்களில் 3ஆம் தலைமுறைக்கு இன்டெலின் அதிகாரபூர்வ ஆதரவும் இல்லை. அங்கே ஐ7 2600தான் பாதுகாப்பான உச்சம். அதற்கு 95 வாட் என்பதை மறக்க வேண்டாம். ஃபேனையும் மாற்ற நினைத்தால் கனெக்டரைப் பாருங்கள். வழக்கமான 4 பின் இல்லாமல் தனி ரகமாக இருந்தால், வெளி ஃபேனைப் போட்டதும் ஒவ்வொரு முறையும் ஃபேன் பிழை என்று சொல்லி நிற்கும்.

கேள்வி: எச்81 போர்டில் ஐ3 4150ஐ எடுத்துவிட்டு ஐ7 4790 போட்டேன். கணினி ஓடுகிறது, ஆனால் 8 ஜிபி ரேமில் 4 ஜிபி மட்டுமே தெரிகிறது. சூடும் அதிகம்.

பதில்: இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம்: ஹீட்சிங்க் சமமாக அழுந்தவில்லை. மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசஸருக்குள். சாக்கெட்டில் ஒரு சில பின்கள் சரியாகத் தொடவில்லை என்றாலும் ஒரு ரேம் சேனல் முழுதாகக் காணாமல் போகும்.

ரேம் இரண்டையும் கழற்றி, இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதே ஸ்லாட்டில் எந்த ரேமைப் போட்டாலும் தெரியவில்லை என்றால் ரேமில் குற்றமில்லை. அடுத்து ஹீட்சிங்க். நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் இடஞ்சுழியாகத் திருப்பி மேலே இழுத்தால் கழன்றுவிடும். மாட்டும்போது எதிரெதிர் மூலைகளில் இரண்டிரண்டாக அழுத்த வேண்டும், நான்கிலும் டிக் சத்தம் கேட்க வேண்டும். போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு ஊசிகளின் முனையும் ஒரே அளவு வெளியே வந்து விரிந்திருக்கும். ஒன்று மட்டும் உள்வாங்கியிருந்தால் அந்த மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது. பேஸ்ட்டும் புதிதாகத்தான் வைக்க வேண்டும், பழையதன்மேல் வைப்பது வீண். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். ஐ3யோடு வந்த மெல்லிய அலுமினிய ஹீட்சிங்க் 84 வாட் 4790க்குத் திணறும். 1150க்கான துளை இடைவெளிதான் 1155, 1151, 1200 சாக்கெட்களுக்கும் என்பதால் நல்லதாக வேறொன்று கிடைப்பது கடினமில்லை.

அதற்கும் சரியாகவில்லை என்றால் பிராசஸரைத் தூக்கி சாக்கெட்டைப் பாருங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். வளையாத பின்கள் வரிசை வரிசையாக ஒரே திசையில் மினுங்கும். வளைந்த பின் அந்த மினுங்கலில் ஒரு கரும்புள்ளியாகவோ, வேறு கோணத்தில் ஒளிரும் பொட்டாகவோ தனியே தெரியும். போர்டை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் ஒளிந்தது அடுத்த பக்கத்தில் அகப்படும். மெல்லிய ஊசிமுனையால் அதன் நுனியை மட்டும் தொட்டு, பக்கத்துப் பின்னின் சாய்வு வரும்வரை நகர்த்த வேண்டும். இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். பிராசஸரைத் திரும்ப வைக்கும்போது தங்க நிற முக்கோண மூலையையும் இரண்டு ஓர வெட்டுகளையும் பொருத்தி, நேராக இறக்குங்கள். விரலால் அழுத்தவே கூடாது.

4790 செகண்ட் ஹேண்ட் என்றால் மேல்மூடியில் பொறித்திருக்கும் குறியீட்டையும் பாருங்கள், எஸ்ஆர்1க்யூஎஃப் என்று இருக்க வேண்டும். மாடல் எண்ணுக்குப் பதிலாக இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. பயாஸ் அதை முழுதாக அறிந்திருக்காது.

கேள்வி: ஐ5 4590க்குப் பதில் ஐ7 4790 போட்டால் விண்டோஸ் 11 ஏற்ற முடியுமா?

பதில்: அதிகாரபூர்வமாக முடியாது. மைக்ரோசாஃப்டின் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நோக்கம் விண்டோஸ் 11 மட்டும்தான் என்றால் உங்கள் 1150 சாக்கெட்டில் பணம் போட வேண்டாம். மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், ஏனெனில் உங்கள் டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 போர்டில் செருகாது. கேபினெட்டும் எஸ்எஸ்டியும் மிஞ்சும். லினக்ஸுக்குப் போகிறீர்கள் என்றால் இப்போதிருக்கும் 4590யே 4 கோரோடு நன்றாக ஓடும், 4790ஐத் தேட வேண்டிய அவசியமில்லை.